ஹெட்போனுக்கும் ஆம்ப்புக்கும் பத்துப் பொருத்தம்

போன தீபாவளி சமயத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பகுதிநேர வேலைக்குப் போனான். காலேஜ் முடிந்து சாயங்காலம் உள்ளே போனால் ராத்திரி கடை அடைக்கும் வரை புடவை பிரித்துக் காட்டுவது, திரும்ப மடித்து வைப்பது. ஒன்றரை மாதம் கால் கடுக்க நின்றதில் கைக்கு வந்தது 11,000 ரூபாய்ச் சொச்சம். அதில் 9,000 ரூபாயைக் கொண்டுபோய் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டான். ஒரு பக்கம் போனில் செருகணும், மறுபக்கம் ஹெட்போனைச் செருகணும். அவ்வளவுதான் அந்த டப்பா.

அவனிடம் ஏற்கெனவே இருந்தது 1,800 ரூபாய் இயர்போன். அதையும் போனோடு சேர்க்க ஒரு சின்ன அடாப்டர். இரண்டும் ஒழுங்காகத்தான் பாடிக்கொண்டிருந்தன. கடைக்காரர் சொன்னாராம்: "தம்பி, இந்த இயர்போன் கொஞ்சம் ப்ரைட்டு. வார்மான டேக் போட்டாத்தான் இதுக்குப் பொருந்தும். இப்ப நீங்க கேக்கறது பாட்டே இல்ல."

வாங்கி ஒரு வாரம் கேட்டான். அப்புறம் கேன்டீனில் என்னிடம் மெதுவாகக் கேட்டான், "மச்சி, எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலடா. எனக்குக் காது சரியில்லையோ?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காகத்தான். 9,000 ரூபாய் போனது ஒரு பக்கம். இருபது வயதுப் பையனை "என் காது மட்டம்" என்று நம்ப வைத்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். முதலில் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். எண்ணை ஹெட்போனுக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது மின்சாரம் மட்டும்தான். எண்ணை மின்னலையாக மாற்றுவது டிஏசி, எல்லோரும் டேக் என்கிறோம். அந்த அலையை ஹெட்போனை ஆட்டும் அளவுக்கு வலுவாக்குவது ஆம்ப். 3.5 எம்எம் ஓட்டை உள்ள போன்களில் இரண்டும் உள்ளேயே இருக்கும். 2016-ல் ஐபோன் 7 வந்தபோது ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தது. மற்ற கம்பெனிகள் கொஞ்ச நாள் கிண்டல் செய்துவிட்டு, பின்னாலேயே தாங்களும் அடைத்தார்கள். அதனால் இன்றைக்குப் பல போன்களுக்கு இந்த டேக்கும் ஆம்ப்பும் வெளியே ஒரு டாங்கிளாகத் தொங்க வேண்டியிருக்கிறது. ஓட்டை இல்லாத போனுக்கு டாங்கிள் தேவை. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

என் சண்டை பொருத்தம் பார்க்கிறார்களே, அதோடுதான். கல்யாணத்துக்கு தினம், கணம், யோனி, ராசி என்று பத்துப் பொருத்தம் பார்ப்பது மாதிரி இதற்கும் ஒரு ஜாதகக் கட்டு இருக்கிறது. "அந்த சிப்பு கொஞ்சம் அனலிட்டிகல், இந்த ஹெட்போனுக்கு செட் ஆகாது." "இது டார்க், அதுக்கு ஏர் வேணும்." "பேலன்ஸ்டுல போட்டாத்தான் உயிர் வரும்." இதையெல்லாம் சொல்பவர் பெரும்பாலும் விற்பவராகவோ, ஏற்கெனவே வாங்கிவிட்டவராகவோ இருப்பார். வாங்கிவிட்டவருக்கு வேறு வழி இல்லை பாவம், அவர் நம்பியே ஆகவேண்டும்.

பொருத்தமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பத்தில் மூன்று நிஜம். அந்த மூன்றையும் ப்ளஸ் டூ பிசிக்ஸ் படித்தவன் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். ஜோசியர் தேவையில்லை.

முதல் பொருத்தம்: சத்தம் போதுமா?

ஹெட்போன் டப்பாவின் பின்னால் இரண்டு எண் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், ஓமில். இன்னொன்று சென்சிடிவிட்டி, டெசிபெல்லில். உதாரணத்துக்கு 32 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல் என்று ஒரு இயர்போனை வைத்துக்கொள்வோம். விலை குறைந்த இயர்போன்கள் நிறைய இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. டாங்கிள் கொடுப்பது 1 வோல்ட் என்றால், வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 31 மில்லிவாட். 1-லிருந்து 31-க்குப் போனால் 15 டெசிபெல் ஏறும். ஆக 120 டெசிபெல். காது வலிக்க ஆரம்பிக்கும் இடம் அது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஆப்பிள் டாங்கிளின் 1 வோல்ட் மாடலே இதைக் கொடுக்கும். (ஐரோப்பாவில் விற்கும் மாடல் பாதிதான் கொடுக்கும், அங்கே சட்டம் அப்படி.) இதற்கு மேல் "பவர்" எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கேட்கவா?

இதையே 300 ஓம் ஹெட்போனுக்குப் போட்டுப் பார்ப்போம். 1997-ல் வந்த சென்ஹைசர் எச்டி 600 அந்த வகை. அதே 1 வோல்ட்டில் மூன்றேகால் மில்லிவாட்தான் போகும். ஆனாலும் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டிவிடும். வீட்டில் உட்கார்ந்து கேட்க இது தாராளம். நிஜமாகவே மல்லுக்கட்டும் ஆசாமி என்றால் ஹைஃபைமேன் எச்இ-6. 50 ஓம், சென்சிடிவிட்டி 84-க்கும் கீழே. அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் உச்சமே 97-ஐத் தொடாது. சராசரி அதற்கும் வெகு கீழே போய்விடும். அதற்கு ஆம்ப் வேண்டும், பெரிய ஆம்ப்பே வேண்டும். ஆனால் நம் வகுப்பில் யார் எச்இ-6 வைத்திருக்கிறார்கள்? இருந்தால் கை தூக்கவும், நான் வந்து கேட்டுவிட்டுப் போகிறேன் :-)

ஒரு எச்சரிக்கை. சில கம்பெனிகள் சென்சிடிவிட்டியை மில்லிவாட்டுக்குக் கொடுப்பார்கள், சில கம்பெனிகள் வோல்ட்டுக்குக் கொடுப்பார்கள். 32 ஓமில் இரண்டுக்கும் 15 டெசிபெல் வித்தியாசம். எதற்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பலர் ஏமாறும் இடம் இது.

இரண்டாவது பொருத்தம்: டாங்கிளின் அவுட்புட் இம்பீடன்ஸ்.

உண்மையிலேயே பாட்டின் நிறத்தை மாற்றக்கூடியது இது ஒன்றுதான். ஆம்ப்புக்கு உள்ளேயும் ஒரு தடை இருக்கிறது. அதுவும் ஹெட்போனும் சேர்ந்து வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா சுருதியிலும் ஒரே மாதிரி இருந்தால் பிரச்சினை இல்லை, மொத்த சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சில இயர்போன்களில், குறிப்பாக பேலன்ஸ்டு ஆர்மெச்சர் என்று குட்டிக் குட்டி டிரைவர் நாலைந்து வைத்த இயர்போன்களில், அது ஏறி இறங்கும். ஓரிடத்தில் 10 ஓம், இன்னோரிடத்தில் 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பின் தடை 10 ஓமாக இருந்தால் முதல் இடத்தில் 6 டெசிபெல் போய்விடும், இரண்டாவது இடத்தில் 1 டெசிபெல்கூடப் போகாது. பாட்டில் 5 டெசிபெல் கோணல். இது எந்தக் காதுக்கும் தெரியும்.

இதற்குச் சூத்திரம் சுலபம். ஆம்ப்பின் தடை, ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். இன்றைக்குக் கிடைக்கும் உருப்படியான டாங்கிள்களில் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓமுக்குள்தான் இருக்கிறது. அதாவது 900 ரூபாய் டாங்கிளுக்கும் இந்தப் பொருத்தம் உண்டு. பழைய லேப்டாப்பிலும் பெரிய ரிசீவரிலும் செருகும்போதுதான் கவனம் வேண்டும்.

மூன்றாவது பொருத்தம்: உஸ்ஸ்ஸ்.

ரொம்ப சென்சிடிவான இயர்போனை ரொம்பப் பவரான ஆம்ப்பில் செருகினால், பாட்டு ஓடாதபோது பின்னால் உஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். இதற்குக் கணக்கே வேண்டாம். செருகிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, கேளுங்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொருத்தத்தில் தோற்பது பெரும்பாலும் பெரிய விலைப் பெரிய ஆம்ப்தான்.

மூன்று முடிந்தது. மீதி ஏழும் எனக்குத் தெரிந்து கட்டுக்கதை. சிலதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"வார்ம் டேக்." ஒழுங்காகச் செய்த எந்த டேக்கும் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை நேர்கோடு போட்ட மாதிரி இருக்கும். அப்படி இல்லை என்றால் அதன் பெயர் வார்ம் இல்லை, ரிப்பேர். ஆனால் ஒரு ஹெட்போனுக்கும் இன்னொரு ஹெட்போனுக்கும் ஐந்து, பத்து டெசிபெல் சாதாரணமாக வித்தியாசம் வரும். ஹெட்போனின் குணத்தை டேக் வைத்து மாற்றப் பார்ப்பது, தாமல் ஏரியில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு ருசி பார்ப்பது மாதிரி.

"32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்." டப்பா மேல் பெரிய எழுத்தில் இருக்கும். 1982-ல் சிடி வந்தபோது அதில் வைத்தது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். 16 பிட் என்றால் மிகச் சின்ன சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவில் 96 டெசிபெல் இடம். 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 22,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள எதையும் குறையில்லாமல் திரும்ப வரையலாம். இதன் கணிதத்தை க்ளாட் ஷானன் 1949-லேயே எழுதி வைத்துவிட்டார். விளம்பரத்தில் சிடி அலையைப் படிக்கட்டு மாதிரியும், ஹை ரெஸ் அலையை வழவழவென்றும் வரைந்து காட்டுவார்களே, அது சுத்தப் பொய். டேக்கிலிருந்து வெளியே வரும்போது இரண்டும் வழவழதான்.

இதில் நாம் என்ன கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழில் முதலில் ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள் என்று சொல்லப்படுபவை இளையராஜாவின் "ப்ரியா" படப் பாடல்கள், 1978. அந்தக் காலத்தில் எல்லாமே டேப். அனலாக் டேப்பில் சத்தத்துக்கும் டேப் இரைச்சலுக்கும் நடுவில் கிடைக்கும் இடம் 60, 70 டெசிபெல் அளவுதான். அதாவது சிடியே அந்தப் பாட்டுக்குப் பெரிய சட்டை. அதன் மேல் 32 பிட் என்பது, மூன்று முழ உயரத்துக் குழந்தைக்கு ஒன்பது முழ வேட்டி. இதில் நம் ஆட்கள் கேட்பதோ யாரோ கேசட்டிலிருந்து ஏற்றி, அதை இன்னொருவர் சுருக்கி, எங்கேயோ மூன்றாவது கை மாறி வந்த எம்பி3. அதற்கு 9,000 ரூபாய் டேக். நல்லா வருவீங்க.

"பேலன்ஸ்டு 4.4 எம்எம்." இதில் வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை கிடைக்கும், ஏறக்குறைய 6 டெசிபெல். எச்இ-6 மாதிரி ஆசாமிகளுக்கு உதவும். ஏற்கெனவே 120 டெசிபெல் போகும் இயர்போனுக்கு இது எதற்கு? அதற்கென்று தனியாகக் கேபிள் வேறு வாங்க வேண்டும். விற்பவருக்கு உதவும்.

"100 மணி நேரம் ஓடவிடுங்க, அப்பத்தான் திறக்கும்." இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்டால் 100 மணி நேரத்துக்கு 33 நாள். திருப்பிக் கொடுக்கும் கெடு ஏழோ பத்தோ நாள். எதற்காக ஓடவிடச் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? 33 நாளில் டேக் மாறாது, உங்கள் காது அதற்குப் பழகிவிடும். புதுச் செருப்பு மாதிரி.

"சரிடா, நீ பேப்பரில் கணக்குப் போடுற. காதால கேட்டுப் பாத்தியா?" நியாயமான கேள்வி. பார்த்தோம்.

தோழனையே உட்காரவைத்தோம். 9,000 ரூபாய் டப்பா ஒன்று, அவனுடைய பழைய 900 ரூபாய் டாங்கிள் ஒன்று. அதே இயர்போன், அதே பாட்டு. சத்தத்தைச் சரிசமமாக வைப்பதுதான் இதில் முக்கியம், ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினாலே மனசு அதைத்தான் "நல்ல சவுண்டு" என்று சொல்லும். கடைகளில் விலை கூடிய பொருள் எப்போதும் ஒரு பாயின்ட் கூடுதல் சத்தத்தில் ஓடுவது தற்செயல் என்று நீங்கள் நினைத்தால், ரொம்ப நல்லவர். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, இயர்போன் மாட்டியபடியே முனையில் வோல்டேஜை அளந்து, இரண்டையும் ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவந்தோம். (வீட்டில் இருக்கும் மஞ்சள் மல்டிமீட்டர் இதற்கு ஆகாது, அதில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும். லேப்பில் இருக்கும் நல்ல மீட்டரைக் கெஞ்சி வாங்குங்கள்.) அவன் முதுகு காட்டி உட்கார்ந்தான். நான் காசு சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இன்னொன்று என்று செருகினேன். மாற்றாத முறையும் பிடுங்கிச் செருகினேன், சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. 20 முறை. எது எது என்று அவன் எழுதினான்.

20-ல் 11 சரி.

கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் எழுதினாலே 11 அல்லது அதற்கு மேல் வர நூற்றுக்கு 41 வாய்ப்பு இருக்கிறது. 15 சரியாக வந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஒருத்தன் ஒரு நாள் செய்தது ஆராய்ச்சி ஆகாது, தெரியும். பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவின் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டனில் செய்த சோதனை வந்தது. ஹை ரெஸ் ஒலியை அப்படியே ஒரு முறை, சிடி தரத்துக்கு இறக்கி ஒரு முறை. மொத்தம் 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. பாதிக்கு ஒன்று குறைவு! காசு சுண்டினாலே இதைவிட ஒன்று கூட வந்திருக்கும்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் கடைக்காரர் மாதிரிதான். 2016-ல் லண்டனில் இருக்கும் ஜோஷ்வா ரைஸ் இந்த மாதிரி 18 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார். நூற்றுக்கு 52 சொச்சம் சரியாக வந்தது. பயிற்சி கொடுத்தவர்களுக்கு இன்னும் கணிசமாகவே கூட. ஆகவே வித்தியாசம் முழுப் பூஜ்யம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அமைதியான அறையில், நல்ல கருவியில், கவனமாகக் கேட்டு, 50 என்பது 52 ஆகிறது. கடைக்காரர் சொன்னது அதுவா? "நீங்க கேக்கறது பாட்டே இல்ல" என்றல்லவா சொன்னார்?

1982 அக்டோபரில் சோனி சிடிபி-101 என்று முதல் சிடி பிளேயரை ஜப்பானில் விற்க ஆரம்பித்தபோது அதன் விலை 1,68,000 யென். உள்ளே இருந்தது ஒரே ஒரு டேக். இடது காதுக்கும் வலது காதுக்கும் அதையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். டேக் என்பது அன்றைக்குப் பெரிய வித்தை, அதற்கு விலை கொடுத்தது நியாயம். இன்றைக்கு அது தீர்ந்துபோன கணக்கு. நகத்தளவு சிப்பில், டாங்கிளின் கேபிளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தீர்ந்துபோன கணக்கைத் தீராதது மாதிரி காட்டினால்தான் புது மாடல் விற்கும்.

எங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்குபவர்கள் சும்மா வாங்குவதில்லை. ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். முடி கருகின வாசனை வந்து, சாம்பல் கையில் நொறுங்கினால் பட்டு. ஜரிகையை மெஷினில் வைத்து வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று எண்ணில் சொல்லச் சொல்லி வாங்கலாம். என் தோழனே ஒன்றரை மாதம் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றவன்தான். "பட்டு மாதிரி ஒரு ஃபீல் இருக்கு, பழகப் பழகத் தெரியும்" என்று அவன் எந்த அம்மாவிடமாவது சொல்லியிருந்தால் புடவையை மூஞ்சியில் எறிந்திருப்பார். அவனே அடுத்த மாதம் வேறொரு கடையில் போய் அதே வசனத்துக்கு 9,000 ரூபாய் கொடுத்தான். அவனை முட்டாள் என்று நான் சொல்லவில்லை. ஆடியோ கடையில் இழையைக் கொளுத்திப் பார்க்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, அந்தக் காசை வேறு எதில் போடலாம்?

ஒன்று, ரப்பர் மூடி. இயர்போனின் முனையில் இருக்கும் அந்தக் குட்டிக் குடை உங்கள் காதில் சரியாக அடைக்கவில்லை என்றால் பேஸ் மொத்தமும் வெளியே போய்விடும். இரண்டு மூன்று அளவு வாங்கிப் போட்டுப் பாருங்கள். 200 ரூபாய் சமாசாரம், எந்த டேக்காலும் தரமுடியாத மாற்றம்.

இரண்டு, ஈக்வலைசர். "வார்ம்" வேண்டுமா? ட்ரெபிளை இரண்டு டெசிபெல் இறக்குங்கள். முடிந்தது. ஆண்ட்ராய்டில் வேவ்லெட் மாதிரி செயலிகள் இருக்கின்றன. பைசா செலவில்லை, பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். ஈக்வலைசரை உள்ளேயே வைத்து வரும் சில டாங்கிள்கள் இருக்கின்றன. அவற்றை வாங்குபவர்களை நான் திட்ட மாட்டேன், அது நிஜமாகவே ஒரு வேலை செய்கிறது.

மூன்று, ஹெட்போனே. மிச்சக் காசை ஹெட்போனில் போடுங்கள். அதிலும் விலையை நம்பாதீர்கள். 2017-ல் ப்ரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீட்டை எடுத்துப் பார்த்தார். விலைக்கும் அவற்றின் ஒலி அமைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினார். காதில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு, நல்ல பதிவு. ஒரே பழைய பாட்டு நாலு இடத்தில் நாலு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில் இரைச்சல், ஒன்றில் தேவையில்லாத எக்கோ, ஒன்றில் எல்லாம் ஒரே மட்டத்தில் கத்தும். அரை மணி நேரம் செலவழித்து நல்ல பிரதியைத் தேடுங்கள். 900 ரூபாய் டாங்கிளில்கூட அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஏன் என்றால் அது நிஜமான வித்தியாசம்.

டாங்கிள் வாங்கும்போது இரண்டே விஷயம். நூறு நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கும் சில அடாப்டர்களில் டேக்கே இருக்காது, வெறும் ஒயர். சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். இன்னொன்று, ஆப்பிள் டாங்கிளைச் சில ஆண்ட்ராய்டு போன்களில் போட்டால் சத்தம் குறைவாக வரும். அது டாங்கிளின் உள் வால்யூமைப் போன் முழுதாக ஏற்றாததால் வருவது. பவர் இல்லை என்று நினைத்து உடனே 9,000 ரூபாய்க்கு ஓடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாங்கள் தாமலிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள். பெங்களூர் நெடுஞ்சாலை லாரிகளும் பஸ் இன்ஜினும் போடும் சத்தத்தில், பின் சீட்டில் உட்கார்ந்து "மைக்ரோ டீடெயில்" கேட்பவன் எவனும் கிடையாது. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமைத்தான் ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 80 டெசிபெல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம். தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் 90-ல் கேட்டால் மூன்றாவது நாளே அந்த வாரக் கோட்டா தீர்ந்துவிடும். அதற்கு மேல் பவர் கூட்டிக் கொடுப்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் மூடியும் குறைந்த வால்யூமும்தான் எங்களுக்குப் பொருத்தம். காதுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கிடையாது.

தோழன் அந்த டப்பாவை 6,000 ரூபாய்க்கு விற்றுவிட்டான். 3,000 போச்சு. கடையில் நின்ற கணக்குப்படி ஏறக்குறைய பன்னிரண்டு சாயங்காலம். "போனா போகுது மச்சி, ஆனா என் காது நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டான்.

நன்றாக இருக்கிறதுடா. வித்தியாசம் இல்லாத இடத்தில் வித்தியாசம் இல்லை என்று சொன்ன காது அது. அதைவிட நல்ல காது எங்கே கிடைக்கும்?

டிஸ்கி 1: வாங்கியவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். டப்பா பார்க்க அழகாக இருக்கிறது, பிடித்திருக்கிறது, காசு இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். அழகுக்கு வாங்குவது தப்பில்லை. அதைப் பொருத்தம் என்று சொல்லி அடுத்தவன் தலையில் கட்டாதீர்கள்.

டிஸ்கி 2: நான் சொன்னது தப்பு என்று நினைப்பவர்கள் திட்டுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துச் சத்தத்தைச் சமமாக்கி, காசு சுண்டி, 20 முறை கேட்டுவிட்டு வாருங்கள். 15 வந்தால் கேன்டீனில் ஒரு வாரம் டீ என் செலவு.